சேலை கட்டிய கேன்கள்

சுழல் நாற்காலி என்றால் எனக்கு உயிர். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. என் அம்மா எல்லம்மாள் ஆயுள் முழுக்க அடுத்தவன் கழனியில் குனிந்து நாற்று நட்டவள். நிமிர்ந்து உட்கார அவளுக்கு ஒரு முக்காலிகூட யாரும் போட்டதில்லை. அவள் பெற்ற ரெபேக்காளாகிய நான் பி.காம். படித்து, கடப்பாக்கம் திருவேங்கடம் ஐஸ் தொழிற்சாலையில் மேனேஜராகி, கறுப்பு ரெக்சின் போட்ட சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காலால் ஓர் உந்து உந்தினால் கம்ப்ரசர் தெரியும். இன்னோர் உந்து உந்தினால் கடல் தெரியும். இரண்டாயிரத்து மூன்று மே மாதத்தில் அதிலிருந்து என்னை எழுப்பப் பார்த்தான் ஒரு பொடியன்.

பொடியன் பெயர் நிதின். முதலாளி திருவேங்கடத்தின் ஒரே மகன். எம்.பி.ஏ. முடித்த கையோடு அப்பாவின் மூன்று ஐஸ் தொழிற்சாலைகளையும் நிமிர்த்திக்காட்டுகிறேன் என்று கிளம்பியிருந்தான். அதுவரை எங்கள் ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுத்தது இல்லை. சென்னையிலிருந்து போன் செய்தான்.

"மேடம், உங்க பிளான்ட்டோட கெப்பாசிட்டி யூட்டிலைசேஷன் எவ்வளவு?"

"இன்னா சார்?"

"மொத்தமா எவ்வளவு ஐஸ் போட முடியும், அதுல எவ்வளவு போடறீங்க? அந்தப் பர்சன்டேஜ். அதான் மேடம் நாட்டோட நாடி. அது ஏறினா பொருளாதாரம் ஏறுது, இறங்கினா இறங்குது. கவர்மென்ட்டே அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்குது."

கடப்பாக்கத்தின் நாடியைப் பார்க்க இவ்வளவு படிப்பு தேவையில்லை. பஸ் ஸ்டாப் புரோட்டாக் கடையில் சால்னா கெட்டியாக இருந்தால் கடலில் மீன் உண்டு, தண்ணியாக இருந்தால் இல்லை. அன்றைய சால்னாவில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். மீன்பிடித் தடைக்காலம். சென்னையிலும் கடலூரிலும் விசைப்படகெல்லாம் கட்டிப்போட்டுக் கிடந்தன. எங்கள் ஐஸில் பெரும்பங்கு அவர்களுக்குத்தான் போகும். நம்மூர் ஃபைபர் படகுகள் கடலுக்குப் போகலாம்தான், ஆனால் அவர்களுக்கு வேண்டிய ஐஸை ஒரு கூடையில் அள்ளிப் போட்டுவிடலாம்.

எங்களிடம் மூன்று உப்புத்தண்ணீர்த் தொட்டிகள். தொட்டிக்கு நூறு கேன். கேன் என்றால் குடிதண்ணீர் கேன் இல்லை, என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் நீளமான தகரப் பெட்டி. அதில் நல்ல தண்ணீரை ஊற்றி உப்புத்தண்ணீருக்குள் இறக்கினால் ஐஸ் பாராக உறைந்து வரும். அந்த மாதம் ஒரு தொட்டிதான் ஓடியது. முந்நூறில் நூறு.

"முப்பத்து மூணு சார்," என்றேன்.

அந்தப் பக்கம் கால்குலேட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது.

"எழுபதுக்குக் கீழ இருக்கிற பிளான்ட்டை மூடிடறதா முடிவு பண்ணியிருக்கேன் மேடம்."

"தடைக்காலம் சார். ஜூன் பொறந்தா தொட்டி மூணும் நிக்காம ஓடும்."

"காரணம் சொல்லாதீங்க மேடம். ஒரு கேன் காலியா நின்னா அது நஷ்டம். காலியா நிக்கக் கூடாது, அவ்வளவுதான் என் தியரி. வர்ற புதன்கிழமை நானே வந்து பார்க்கிறேன்."

போனை வைத்த வேகத்தில் அது மேசையிலிருந்து கீழே விழுந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான். ஏசப்பாவிடம் தினமும் அதற்காக ஜெபம் பண்ணுகிறேன். அவரும் அலுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஆப்பரேட்டர் அப்பாசாமி ஓடிவந்தார். ஆறடி ஆள், அம்மோனியா வாடையிலேயே இருபது வருஷம் இருந்து மூக்கு மரத்துப்போனவர். விஷயத்தைச் சொன்னேன்.

"இவ்ளோதானா மேனேஜரம்மா? மூணு தொட்டியையும் ஓட்டிரலாம்."

"ஓட்டி? ஐஸை யாரு வாங்குவா?"

"வாங்கினா இன்னா, வாங்காட்டி இன்னா? போட்டோம்ல?"

கோபத்தில் மூளை வேலை செய்யாது என்பது என் விஷயத்தில் உண்மை. சரி என்றுவிட்டேன். மறுநாள் வாங்க ஆளில்லாத இருநூறு ஐஸ் பாரும் வாசலில் அடுக்கி நின்றன. மே மாத வெயில். சாயங்காலத்துக்குள் தெருவே குட்டையானது. ஊரில் உள்ள நாய்கள் எல்லாம் வந்து வயிற்றைக் குளிரவைத்துப் படுத்துக்கொண்டன. ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ஆள் வழுக்கி விழுந்து, பத்திரிகையைப் படுத்தபடியே நீட்டினார்.

தலையில் அடித்துக்கொண்டு நாற்காலியில் வந்து விழுந்தேன். ஒரு சுற்று சுற்றினேன். அப்போதுதான் மூளையில் பல்பு எரிந்தது. மேலே இருக்கும் எண் ஏறாவிட்டால் என்ன, கீழே இருக்கும் எண்ணை இறக்கலாமே!

"அண்ணாத்த, முந்நூறு கேன் கீறதாலதான முப்பத்து மூணு? நூறு கேன்தான் இருந்தா?"

அப்பாசாமி விரல் மடக்கி யோசித்தார். முகம் மலர்ந்தது. "நூத்துக்கு நூறு! ஆனா மீதி இருநூறை இன்னா பண்றது? கடல்ல தள்ளிரலாமா?"

கடலில் தள்ள வேண்டிய அவசியம் இல்லை. அந்த வருஷம் தண்ணீர்ப் பஞ்சம் நினைவிருக்கும். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் பிடித்துவைக்கப் பாத்திரம் இருக்காது. எங்கள் ஒரு கேனில் பத்துக் குடத்துக்கு மேல் பிடிக்கும். எதிர்வீட்டு தெய்வநாயகியிடம் மட்டும் காதோடு காதாகச் சொன்னேன். அவளிடம் சொன்னால் ஒலிபெருக்கி வாடகை மிச்சம். அரை நாளில் இருநூறு கேனும் ஊருக்குள் போய்விட்டன.

மூன்று நிபந்தனை போட்டேன். தடைக்காலம் முடிந்ததும் கேன் திரும்பி வர வேண்டும். புளி சேர்ந்த எதையும் அதில் ஊற்றக் கூடாது, தகரத்தின் பூச்சு கரையும். கார் வைத்துக்கொண்டு யாராவது வந்தால் கேனைத் துணி போட்டு மறைக்க வேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் தலையாட்டுவதற்கும் கேட்பதற்கும் சம்பந்தம் கிடையாது, ஆனால் இந்தத் தடவை மூன்றையும் அப்படியே கேட்டார்கள். அதுதான் வினையாகப் போனது.

காலித் தொட்டிகள் இரண்டின் பலகை மூடிகள்மேல் கோரைப்பாய் விரித்து, ஒரு கேரம் போர்டை வைத்து, "தொழிலாளர் ஓய்வறை" என்று எழுதி மாட்டினோம். எங்களிடம் இருந்ததே ஒன்பது தொழிலாளர்கள். அவ்வளவு பெரிய ஓய்வறையில் அவர்களுக்கு ஓய்வெடுக்கவே கூச்சமாக இருந்தது.

புதன்கிழமை வருகிறேன் என்ற பொடியன் திங்கட்கிழமையே வந்து நின்றான். அன்றைக்குத்தான் தெய்வநாயகியின் மகள் பிரதீபாவுக்குக் கல்யாணம்.

நேரில் பார்த்தால் ஒல்லியாக, கழுத்தில் டையோடு, வியர்த்து ஊற்றிக்கொண்டு நின்றான். சும்மா சொல்லக் கூடாது, மரியாதை தெரிந்த பிள்ளை. ஓடுகிற தொட்டிக்குப் போனோம். நூறு கேனும் நிறைந்து உறைந்துகொண்டிருந்தன. அவனே ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தான்.

"நூறுக்கு நூறு! முப்பத்து மூணுன்னீங்களே மேடம்?"

"அது போன மாசக் கணக்கு சார்."

"ஆனா அப்பா முந்நூறு கேன்னு சொன்னாரே?"

"உப்புக் காத்து சார். இருநூறு கேனு துருப்பிடிச்சு ஓட்டையாப் போச்சு. பழைய இரும்புக்குக் கூட எவனும் எடுக்கல." நான் பொய் சொன்னால் கண் சிமிட்டவே மாட்டேன். அது கர்த்தர் கொடுத்த வரமில்லை, நானே பழகிக்கொண்டது.

அவன் ஓய்வறையைப் பார்த்தான். "இவ்வளவு பெருசா?"

"லேபர் வெல்ஃபேர் சார்," என்றேன். அசந்துபோனான். கேரம் போர்டில் ஒரு காயைச் சுண்டிக்கூடப் பார்த்தான். அப்படியே காரில் ஏற்றி அனுப்பியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் வாசலில் தெய்வநாயகி பட்டுப்புடவையோடு நின்றாள்.

"கண்ணாலத்தன்னிக்கு வந்துகினு வெறும் வயித்தோட போறதா? வா நைனா, கை நனைச்சிட்டுப் போ," என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் பின்னால் நின்று காட்டிய சைகைகளை எல்லாம் அவள் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டாள்.

பந்தல் வாசலில் இரண்டு பக்கமும் வாழைமரம். மரத்தைத் தரையில் நடாமல், தண்ணீர் ஊற்றிய இரண்டு கேன்களில் நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவது நிபந்தனைப்படி இரண்டு கேனுக்கும் சேலை கட்டியிருந்தார்கள். சும்மா சுற்றாமல், கொசுவம் வைத்து, முந்தானை விட்டு, பூச்சரமும் சூட்டியிருந்தார்கள். பந்தலுக்குள் குடிதண்ணீர் ஊற்றிவைத்த எங்கள் கேன் ஒன்று மஞ்சள் தாவணியில் நின்றது. தெரு நெடுக வீட்டுக்கு வீடு ஒன்று லுங்கியிலும், நைட்டியிலும், ஒன்று மட்டும் சட்டை பேண்ட்டிலும் நின்றுகொண்டிருந்தது.

"ஊர்ல எல்லாரும் ஏன் மேடம் அசையாம நிக்கிறாங்க?" என்றான் நிதின். கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டான்போல.

"வெயில் சார்," என்றேன்.

அவன் இலை முன்னால் உட்கார்ந்து, ரசம்வரை வந்துவிட்டான். இன்னும் மோர்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று விழுந்தது. எங்கள் ஊர்க் கடல்காற்றுக்கு மானம் மரியாதை கிடையாது. வாசல் கேனின் முந்தானை பறந்தது, கொசுவம் அவிழ்ந்தது, சேலை முழுதாக வந்து நிதினின் தோளில் விழுந்தது. அங்கே பளபளவென்று கேன் நின்றது. புத்தம்புது வெள்ளிப் பெயின்ட், அதில் சிவப்பு எழுத்தில் "திருவேங்கடம் ஐஸ், 147".

நான் அப்பாசாமியைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்: "யாருய்யா பெயின்ட் அடிச்சது?"

"நான்தான்," என்றார் பெருமையாக. "வருசா வருசம் தடைக்காலத்துல கேனுக்குப் பெயின்ட் அடிக்கிறதுதான? வூடு வூடாப் போய் இருநூத்தையும் முடிச்சுட்டேன். ஒரு பொட்டு துரு இருக்காது பார்."

நிதின் எழுந்தான். எச்சில் கையோடு தெருவில் இறங்கினான். முதல் வீட்டில் லுங்கியைத் தூக்கினான், 203. அடுத்த வீட்டில் நைட்டியைத் தூக்கினான், 118. "ஏய், இன்னாய்யா, பாவாடையத் தூக்கிப் பாக்குற!" என்று ஒரு பாட்டி ஆரம்பித்தாள். அவன் காதில் எதுவும் விழவில்லை. நாலாவது வீட்டு வாசலில் போர்வையைச் சடாரென்று இழுத்தான். அது கேன் இல்லை, ஈ மொய்க்காமல் இருக்கப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே தூங்கிய அந்த வீட்டுக்காரர் தேவசகாயம். அவர் எழுந்து, "கண்ணாலம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார்.

நடுத்தெருவில் நிதின் என்னைப் பார்த்துத் திரும்பினான். முகம் சிவந்திருந்தது. தோளில் இன்னும் சேலை.

"பொய் சொல்லியிருக்கீங்க மேடம். இனிமே இந்த பிளான்ட் கிடையாது. நீங்களும் கிடையாது."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. கண்ணில் தண்ணீரும் வந்தது, வாயில் கோபமும் வந்தது.

"ஆமா, சொன்னேன்! இன்னாத்துக்கு சொன்னேன் தெரியுமா? எங்கம்மா குனிஞ்சுகினே செத்துச்சு. அந்த நாற்காலில நான் குந்தும்போதெல்லாம் அதுவும் குந்துற மாதிரி கீது எனக்கு. தடைக்காலம் முடிய ரெண்டு வாரம் பொறுக்க மாட்டேன்னு நீ ஒரு நம்பரை வெச்சுக்கினு பூட்டு போட வந்தா, நான் எந்திரிச்சு வழிவுடணுமா? காலியா நிக்கிற கேனுதான நஷ்டம்? நீ சொன்னதுதான? போ. போய்ப் பாரு. எது காலியா நிக்குதுன்னு எண்ணிக்கினு வா. ஒண்ணாவது காலியா இருந்தா நானே பூட்டி சாவிய குடுக்கிறேன்!"

சார் என்பது நீயாகிவிட்டது எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

பொடியனிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும், எண்ணு என்றால் எண்ணாமல் அவனால் இருக்க முடியாது. டையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினான். நானும் அப்பாசாமியும் பாதிக் கல்யாணமும் பின்னால் போனோம். பெரும்பாலான கேன்களில் தண்ணீர். ஒன்றில் புழுங்கலரிசி. ஒன்றில் கருவாடு, அதை முகர்ந்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டான். படுக்கவைத்த ஒன்றில் வைக்கோலும் வைக்கோலில் ஒரு கோழியும் கோழிக்கடியில் முட்டைகளும். கோழி அவன் விரலைக் கொத்தியது. "இதுவும் ஃபுல்," என்று சப்பிக்கொண்டே சொன்னான். மாதா கோயில் வாசலில் ஒன்றில் குடைகள். மழையே இல்லாத வருஷத்தில் எதற்குக் குடை என்று அவன் கேட்கவில்லை, நிறைந்திருக்கிறதா என்றுதான் பார்த்தான்.

ஊரைச் சுற்றி மறுபடி பந்தலுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஒன்றுகூடக் காலியில்லை. கடைசியாக மிச்சமிருந்தது மஞ்சள் தாவணி கட்டிய குடிதண்ணீர்க் கேன். எட்டிப் பார்த்தான். உள்ளே கையை விட்டுத் தட்டினான். டங்கென்று சத்தம் வந்தது.

கல்யாணக் கூட்டம் அத்தனையையும் குடித்துத் தீர்த்திருந்தது.

சாவிக்கொத்து என் இடுப்பில்தான் இருந்தது. சொன்ன வார்த்தை சொன்னதுதான், எனக்குக் கோபம் உண்டே தவிரப் பேச்சு மாறும் பழக்கம் கிடையாது. கொத்தை எடுத்து நீட்டினேன்.

அவன் சாவியை வாங்கவில்லை. கேனையே பார்த்துக்கொண்டு நின்றான். தொண்டையைச் செருமினான்.

"மேடம்... இதுல எத்தனை குடம் பிடிக்கும்?"

"பத்துக்கு மேல."

"எங்க வீட்ல அஞ்சு நாளா குழாய்ல காத்துதான் வருது. அம்மா குடத்தைத் தூக்கிட்டு லாரி பின்னாடி ஓடறாங்க. அப்பா ஷேவிங் பண்ணியே நாலு நாளாச்சு." குரலைத் தாழ்த்தினான். "இதை நான் எடுத்துக்கலாமா? கொண்டுபோய் நிரப்பிட்டா, இதுவும் காலி இல்லேன்னு ஆயிடுமில்ல?"

முதலாளி மகன் தன் சொந்தக் கேனை என்னிடம் இரவல் கேட்கிறான்! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. மேனேஜர் மேனேஜராகத்தான் இருக்க வேண்டும்.

"தடைக்காலம் முடிஞ்சதும் திரும்பி வரணும் சார். புளி ஊத்தக் கூடாது."

"சரி மேடம்."

"யாராவது வந்தா துணி போட்டு மறைக்கணும்."

"சரி மேடம்."

கேனைக் காரின் தலையில் படுக்கவைத்துக் கட்டினோம். மஞ்சள் தாவணியை அவிழ்க்கப் போனவனை தெய்வநாயகி தடுத்துவிட்டாள். "கண்ணாலத்துக்கு வந்த பொருளை வெறுமனே அனுப்புறதா? இருக்கட்டும் நைனா." அவளே தலைமாட்டில் இன்னொரு முழம் பூவும் வைத்தாள். மாமல்லபுரம் தாண்டுவதற்குள் மூன்று பேர் காரை நிறுத்தி, போனது யார், எப்படி ஆச்சு என்று விசாரித்தார்களாம். ஒருவர் மாலையே போட்டாராம்.

மே மாதக் கணக்கில் கடப்பாக்கம் நூறு சதவீதம் என்று நிதின் தன் கையால் எழுதினான். மற்ற இரண்டு தொழிற்சாலைகளிலும்கூடக் கேன்களை ஊருக்குள் அனுப்பச் சொல்லி உத்தரவு போனதாகக் கேள்விப்பட்டேன். பூட்டு எங்கும் விழவில்லை.

தடை நீங்கியது. படகுகள் கடலுக்குக் கிளம்பின, சால்னா கெட்டியானது, மூன்று தொட்டியையும் ஓட்ட ஆரம்பித்தோம். கேன்களைத் திரும்ப வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிரதீபாவுக்குக் கொடுத்த சீர்வரிசையில் ஒன்று அச்சரப்பாக்கம்வரை போயிருந்தது. சம்பந்தி வீட்டில் சண்டை போட்டு மீட்டோம். கோழிக் கேனைக் குஞ்சு பொரிக்கும்வரை விட்டுவைத்தோம். எப்படியோ எல்லாம் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர.

ஒருநாள் மத்தியானம் போன் அடித்தது. முதலாளியே பேசினார். அவர் என்னிடம் நேரடியாகப் பேசுவது வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் திட்டுவதற்கு மட்டும். நான் என்னை அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.

"ரெபேக்காள், என் வீட்டு மாடிப்படிக்குக் கீழ மஞ்சள் தாவணி கட்டிக்கிட்டு ஒண்ணு நிக்குது. அவுத்துப் பார்த்தா நம்ம கேன். பையனைக் கேட்டா, துருப்பிடிச்ச கேன்னு நீ சொன்னதாச் சொல்றான்."

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இத்தனையும் தாண்டி வந்து இங்கேயா மாட்டிக்கொள்ள வேண்டும்?

"ஆமாங்க முதலாளி. துருதான்."

அவருக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் மொள்ளும் சத்தமும், பாத்திரம் கழுவும் சத்தமும், ஓர் அம்மாள் ஏதோ பாடுவதும் கேட்டன.

"அந்த மாதிரி துருப்பிடிச்சது," என்றார் முதலாளி, "இன்னும் ரெண்டு இருந்தா அனுப்பிவை. தாவணியோட."

நான் போனை வைத்தேன். உட்கார்ந்தேன். காலால் ஓர் உந்து உந்தினேன், முழுச் சுற்றும் சுற்றி வந்தேன்.